தொண்ணூற்றாறாம் படியில் கண்டி

இலங்கையின் கண்டியில் உள்ள தலதா மாளிகையின் எண்கோண மண்டபம், முன்னால் கண்டிக் குளம், கரையில் அலையலையாய் ஏறியிறங்கும் வெள்ளை மதில், அதில் விளக்கு வைக்க விட்ட முக்கோண மாடங்கள். 1807இல் மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அமைத்த குளம் இது. கண்டிக்குப் போனவர் எல்லாரிடமும் இந்தப் படம் இருக்கும். அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, 256-க்கு 256 புள்ளிகளாகச் சுருக்கி, அர்னோல்டின் பூனை விதியிடம் கொடுத்துப் பாருங்கள்.

ரஷ்யக் கணித மேதை விளாடிமிர் அர்னோல்ட் பூனைப் படம் வரைந்து விளக்கியதால் வந்த பெயர் அது. விதி மிகச் சிறியது. புள்ளியின் கிடை எண்ணோடு நிலை எண்ணைக் கூட்டினால் புதிய கிடை எண். அதோடு பழைய நிலை எண்ணை இன்னொரு முறை கூட்டினால் புதிய நிலை எண். 256ஐ எட்டினால் 256ஐக் கழித்துவிட வேண்டும். அவ்வளவுதான்! எல்லாப் புள்ளிகளையும் ஒருமுறை இப்படி நகர்த்துவது ஒரு படி.

முதற்படியிலேயே மதில் சரிந்து துண்டாகிறது. ஒவ்வொரு படிக்கும் படம் ஒரு திசையில் 2.618 மடங்கு இழுபடுகிறது. பொன் விகிதத்தின் வர்க்கம் அது. ஆறு படியில் ஏறக்குறைய 322 மடங்கு. ஒட்டியிருந்த புள்ளிகள் எங்கெங்கோ போய்விட, மண்டபமும் குளமும் சாம்பல் நிறப் பொடியாகின்றன. ஆனால் இரண்டு புள்ளிகள் ஓரிடத்தில் விழுவதில்லை, ஒன்றுகூடத் தொலைவதில்லை. இரு எண்ணும் சுழியான மூலைப் புள்ளி மட்டும் கடைசிவரை இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை.

எனக்கு அலுக்காதது 96ஆம் படி. பொடியாகக் கிடந்த படத்தில் திடீரென்று நான்கு கண்டிகள் எழும். இரு எண்ணும் இரட்டைப்படையான புள்ளிகள் அத்தனையும் தம் சொந்த இடத்துக்கு வந்திருக்கும். மற்ற மூன்று வகையும் சரியாக 128 புள்ளி தள்ளி நிற்கும்: ஒன்று பக்கவாட்டில், ஒன்று மேல்கீழாக, ஒன்று இரு திசையிலும். நான்கு மங்கலான மண்டபங்கள், ஒன்றின்மேல் ஒன்று. அடுத்த படியிலேயே அவை கலைந்துவிடும். 192ஆம் படியில் பழைய படம் முழுசாக, ஒரு மாடம்கூடக் குறையாமல் வந்து நிற்கும்.

படத்தைப் பிறர் காணாமல் மறைக்க இந்த விதி போதுமே என்று தோன்றலாம். ஆனால் இந்த அழகே குறியாக்கத்துக்குக் கேடு. சுற்றிக்கொண்டே இருந்தால் எவரும் படத்தைப் பெற்றுவிடலாம். போதாததற்கு, புள்ளிகள் இடம் மாறினவே தவிர நிறம் மாறவில்லை. குளத்தின் சாம்பல் அத்தனையும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் ஜெசிக்கா ஃப்ரிட்ரிக் 1998இல் வெளியிட்ட கட்டுரையில் இடத்தைக் கலைப்பதோடு நிற்காமல் நிறத்தையும் மாற்றினார். ரூபிக் கனசதுரத்தை வேகமாகச் சேர்க்கும் முறைக்குப் பெயர் தந்தவரும் இவரே. கலைப்பதையும் சேர்ப்பதையும் இப்படி அறிந்த இன்னொருவர் கிடைப்பது அரிது. தஞ்சாவூர் சாஸ்த்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மருத்துவ ஸ்கேன் படங்களைக் காக்க சிறு மாற்றமும் பெரிதாகப் பெருகும் இவ்வகை கேயாஸ் (ஒழுங்கின்மை) முறைகளைக் கையாண்டிருக்கிறார்கள்.

நிறம் மாற்றப் பலரும் எடுப்பது லாஜிஸ்டிக் சமன்பாடு: ஓர் எண்ணை, ஒன்றிலிருந்து அதைக் கழித்த மீதியால் பெருக்கி, பிறகு நான்கால் பெருக்குவது. வந்த விடையை மீண்டும் மீண்டும் அதே சமன்பாட்டில் இட்டால் வரும் எண் தொடரைக் கொண்டு நிறங்களை மாற்றுவார்கள். தொடங்கும் எண்தான் சாவி. அதன் 15ஆம் தசம இடத்தில் ஓர் இலக்கம் பிசகினால், பிசகு சராசரியாகச் சுற்றுக்கு இரு மடங்காகி, 50 சுற்றுக்குள் முழுத் தொடரும் வேறாகிவிடும். அந்தப் பிசகிய சாவியால் திறப்பவருக்குத் தலதா மாளிகையின் ஓர் ஓடுகூடத் தெரியாது.