தவமும் சிறையும்: ஒரு சொல்லின் சமூக வரலாறு

பெனிற்றென்ஷரி என்னும் ஆங்கிலச் சொல் ஐக்கிய அமெரிக்காவிலே பெருஞ் சிறைச்சாலையைக் குறிப்பது. அதன் மூலமான பைனிதெந்தியா என்ற இலத்தீன் சொல்லோ மனம் வருந்துதலையே சுட்டும். தண்டத்தைக் குறிக்கும் பொயினாவுடன் அதற்குப் பிறப்புறவு இல்லை. ஓசையொப்புமை கண்ட இடைக்கால எழுத்தரே எழுத்துக்கூட்டலில் இரண்டையும் உறவாக்கினர். பாவப் பரிகாரம் விதிக்கும் குருவும் ஒருகாலத்தில் இப்பெயர் பெற்றார்.

துறவியின் சிற்றறை கைதியின் சிற்றறையாயிற்று எனக் கூறிச் சொல்லாராய்ச்சியாளர் அமைதியடைவர். அம்மாற்றம் ஏன் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்தது? குற்றவாளிகளை அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பி அவர்தம் உழைப்பை விற்கும் வழியை 1775இல் மூண்ட போர் அடைத்தது. 1779இல் பிரித்தானியப் பாராளுமன்றம் பெனிற்றென்ஷரிச் சட்டத்தை நிறைவேற்றியது. பகலிற் கடும் உழைப்பு, இரவில் தனியறை, கூடவே சமயபோதனை. தவம் என்ற பெயரில் உழைப்பொழுக்கமே பயிற்றப்படவிருந்தது.

துறவி தனிமையைத் தானே தேர்ந்தான். கைதிக்கோ ஆண்டும் மாதமும் கணக்கிடப்பட்டன. குற்றத்தைக் காலத்தால் அளக்கும் இம்முறை, உழைப்பைக் காலத்தால் அளக்கும் முதலாளித்துவ சமுதாயத்துக்கே உரியதென 1924இல் பஷுகானிஸ் விளக்கினார். பெயர் பழையது, அளவுகோல் புதியது.

1829இல் பிலடெல்பியாவில் திறக்கப்பட்ட சிறையிற் கைதிகள் தத்தம் அறைக்குள்ளேயே நெசவும் சப்பாத்துத் தைத்தலும் செய்தனர். அமைத்தோர் நல்லெண்ணமுடையோர் என்பதை டிக்கன்ஸ் மறுக்கவில்லை. எனினும் 1842இல் அதனைப் பார்த்தபின், அத்தனிமை உடல்வதையிலும் கொடிதென எழுதினார்.

தமிழில் இதனைச் 'சிறைச்சாலை' என்றே பெயர்க்கிறோம். எமது சொல்லிற் பாசாங்கில்லை. ஆயின் டிக்கன்ஸ் எதிர்த்த பாசாங்கும் அதனுடன் மறைந்துவிடுகிறது.