ஆறு பேர் மேசையில் ஏழாவது கை

101 பூல் ரம்மி ஆடியவர்களுக்கு 79 என்ற எண் மறக்காது. ஆறு பேர் ஆளுக்கு நூறு ரூபாய் கட்டி உட்கார்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆட்டத்திலும் தோற்றவர் கையில் சேராமல் கிடக்கும் சீட்டுகளின் புள்ளிகள் அவர் கணக்கில் ஏறும். 101-ஐத் தொட்டவர் வெளியே. கடைசிவரை நிற்பவருக்குப் பணம். வெளியே போனவர் மறுபடி கட்டணம் கட்டி உள்ளே வரலாம். ஆனால் மிச்சமிருப்பவர்களில் ஒருவரும் 79-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. திரும்பி வருபவருக்கு, மேசையில் அதிகப் புள்ளி வைத்திருப்பவரைவிட ஒன்று கூட்டி எழுதுவார்கள். எவ்வளவு மோசமானாலும் 80. அடுத்த ஆட்டத்தில் சீட்டைப் பார்த்ததுமே ‘ஸ்கூட்’ சொல்லி ஒதுங்கினால் 20 சேர்ந்து 100 ஆகும். ஆள் இன்னும் மேசையில்தான் இருப்பார். 201 பூலில் அந்த வரம்பு 174. ஒன்று சேர்த்தால் 175, அங்கே ஸ்கூட்டுக்கு 25, ஆக 200. திரும்பி வருபவருக்கு ஒரு முறையாவது ஒதுங்கிக்கொள்ள இடம் வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்த வரம்பு இது. போட்டவர் யாரோ, விவரமான ஆள்.

ஆனால் திரும்பி வருபவர் இரண்டாம் முறை கட்டும் நூறு ரூபாயிலும் மேசை போட்ட நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். தோற்றவரை வீட்டுக்கு அனுப்பாமல் ஆட்டத்தில் நிறுத்தி வைப்பது ஆடுபவருக்கும் ஆசை, மேசைக்காரருக்கும் லாபம். ஒரே விதி இரண்டு பேருக்கும் உதவுகிறது. ஆனால் ஒருவர்தான் அதற்குப் பணம் கொடுக்கிறார். ஆன்லைன் ரம்மியின் விதிப் புத்தகம் முழுவதையும் இந்தக் கண்ணோடு படித்துப் பார்க்கலாம்.

இப்போது ஏன் படிக்க வேண்டும் என்று கேட்பவர் உண்டு. 2025 ஆகஸ்ட் 20, 21 தேதிகளில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் இணையவழி விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றின. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பணம் வைத்து ஆடும் எந்த இணைய விளையாட்டையும் நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடியவருக்குத் தண்டனை இல்லை. பெரிய நிறுவனங்கள் அந்த வாரமே பண ஆட்டங்களை நிறுத்தின. தடை சரியா தவறா என்று பேசுபவர்கள் பலர். தடைக்கு முன்பு இருந்த விதிகள் எதைச் சாதித்தன, எங்கே கோட்டை விட்டன என்று பேசுபவர்கள்தான் குறைவு. தடையே வேண்டியிருந்ததா என்ற கேள்விக்கான பதிலும் அந்த விதிகளுக்குள்தான் இருக்கிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். மேசைக்குள் நடப்பதைப் பொறுத்தவரை, இணைய ரம்மியின் விதிகள் மன்றங்களிலும் கல்யாண மண்டப மாடிகளிலும் நடக்கும் ஆட்டத்தைவிடக் கறாரானவை. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு, குறைந்தது இரண்டு வரிசை, அதில் ஒன்றாவது ஜோக்கர் கலக்காத அசல் வரிசை. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நேரில் ஆடும்போது யாராவது கை சேர்ந்துவிட்டது என்று ‘டிக்’ அடித்தால் மூன்று பேர் எழுந்து நின்று சரிபார்ப்பார்கள். கணக்கு எழுதுபவர் மேல் எப்போதும் ஒரு சந்தேகம் இருக்கும். எட்டாம் ஆட்டத்தில் எழுதியது 40-ஆ 20-ஆ என்று பதினொன்றாம் ஆட்டத்தில் சண்டை வரும். மென்பொருளிடம் அந்தச் சண்டை எடுபடாது. தவறாக டிக் அடித்தால் 80, முறையீடு கிடையாது. முதல் சீட்டு எடுப்பதற்கு முன் ஒதுங்கினால் 20, நடுவில் ஒதுங்கினால் 40. சீட்டு கலைப்பதற்கான நிரலைப் பெரிய நிறுவனங்கள் வெளி ஆய்வகங்களிடம் சோதனைக்குக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கி வைத்திருந்தன. ஒருவருக்கு ஒரே கணக்கு. தெரிந்தவர்கள் சேர்ந்து மூன்றாம் ஆளைக் கவிழ்க்காமல் இருக்க, ஒரே இணைய முகவரியிலிருந்து வரும் இரண்டு பேரை ஒரு மேசையில் உட்கார வைப்பதில்லை. இதையெல்லாம் மீறவே முடியாது என்றில்லை. இரண்டு பேர் இரண்டு ஊரில் இருந்துகொண்டு போனில் சீட்டைச் சொல்லிக்கொண்டால் எந்த முகவரிச் சோதனையிலும் பிடிபட மாட்டார்கள். ஆனாலும் விதியின் நோக்கம் சரி.

நேர விதியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஒவ்வொருவருக்கும் முறை வரும்போது சில விநாடிகள், மிஞ்சிப்போனால் அரை நிமிடம். தொடர்ந்து மூன்று முறை தவறவிட்டால் நடுவில் ஒதுங்கியதாகக் கணக்கு, 40 புள்ளி. சோம்பேறியைத் தண்டிக்க வைத்த விதி இது. ஆனால் மலையோர ஊரில் சிக்னல் போன ஆளுக்கும் அதே தண்டனை. வேண்டுமென்றே விட்டவர் யார், இணைப்பு அறுந்தவர் யார் என்று கணினிக்குத் தெரிவதில்லை. தெரிந்துகொள்ள யாரும் பெரிதாக மெனக்கெடவும் இல்லை. அதைவிட முக்கியம், இந்த அவசரம் ஆட்டத்தின் குணத்தையே மாற்றிவிட்டது. திண்ணை ரம்மியில் ஒருவர் சீட்டைப் பிரித்து அடுக்கி, வெற்றிலை போட்டு, ‘இறக்குப்பா’ என்று நாலு பேர் கத்திய பிறகுதான் இறக்குவார். அந்த மெத்தனமே ஒரு வேகத்தடை. ஓர் இரவில் எத்தனை ஆட்டம் ஆட முடியுமோ அவ்வளவுதான் இழக்க முடியும்.

ரம்மி திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற வழக்கு அரை நூற்றாண்டைத் தாண்டியது. செகந்திராபாத்தில் ஒரு பொழுதுபோக்கு மன்றத்தில் காவல்துறை சோதனை போட்டதில் தொடங்கிய வழக்கு, 1967-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹிதாயத்துல்லா. மூன்று சீட்டு ஆட்டத்தைப் போல ரம்மி முழுக்க அதிர்ஷ்டம் அல்ல. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது எதை விடுவது என்று தெரிய வேண்டும், ஆகவே திறமையே மேலோங்கியது என்பது அவர் காட்டிய காரணம். இணைய நிறுவனங்கள் பல ஆண்டுகள் இந்தத் தீர்ப்பின் நிழலில்தான் கடை விரித்தன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர்களுடைய செயலிகளிலேயே ஒரு பொத்தானைத் தட்டினால் யார் யார் என்னென்ன சீட்டை இறக்கினார்கள் என்ற முழுப் பட்டியலும் திரையில் விரியும். இன்னொரு பொத்தான் கைச்சீட்டை இனம்வாரியாக அடுக்கித் தரும். நினைவாற்றல்தான் திறமை என்று சொல்லி நீதிமன்றத்தில் ஜெயித்தவர்கள், அந்த நினைவாற்றலுக்கு வேலையே இல்லாமல் செய்துவிட்டார்கள். எதைப் பிடிப்பது, எப்போது ஒதுங்குவது என்ற பாதித் திறமை மிஞ்சியது உண்மைதான். ஆனால் பழைய ஆட்டக்காரருக்கும் புதியவருக்கும் இருந்த இடைவெளி சுருங்கியது. இடைவெளி சுருங்கும் மேசையில் ஜெயிப்பது யார் என்பதுதான் அடுத்த கேள்வி.

அதே 1967 தீர்ப்பில் நிறுவனங்கள் அதிகம் எடுத்துக்காட்டாத ஒரு பகுதியும் இருக்கிறது. பணயம் வைத்து நடக்கும் ஆட்டத்திலிருந்து மன்றத்தின் உரிமையாளர் லாபம் சம்பாதிக்கிறார் என்று நிரூபித்தால் குற்றமாகலாம் என்று அன்றே சொல்லிவைத்தார்கள். இணைய ரம்மியின் வருமானமே அந்த லாபமாகத்தான் இருந்தது.

ஆறு பேர் தலா நூறு ரூபாய்: மொத்தம் 600. நிறுவனத்தின் பங்கு பொதுவாக 10 முதல் 15 சதவீதமாக இருந்தது. 15 என்று எடுத்தால் 90 ரூபாய் போக வென்றவருக்கு 510. இந்த ஆறு பேரும் ஏறக்குறைய ஒரே திறமை உள்ளவர்கள், ஆளுக்கு ஆயிரம் ரூபாயோடு உட்காருகிறார்கள், தங்களுக்குள்ளேயே ஜெயித்தும் தோற்றும் வருகிறார்கள் என்று கொள்வோம். மேசையில் இருந்த 6,000 ரூபாயில் ஒவ்வொரு பூலுக்கும் 90 கழிகிறது. பணம் கைமாறிக்கொண்டே இருந்தால் அறுபதாவது பூல் முடியும்போது ஆறு பேரிடமும் சேர்த்து 600 ரூபாய்தான் மிஞ்சும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. சீட்டு நேர்மையாகக் கலைக்கப்பட்டது. விதி ஒவ்வொன்றும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டது. 2023 அக்டோபர் முதல் கட்டிய முழுப் பணத்தின் மேலும் 28 சதவீத ஜிஎஸ்டி, அதே ஆண்டு ஏப்ரல் முதல் நிகர வெற்றிப் பணத்தில் 30 சதவீத வரிப் பிடித்தம் என்று வந்த பிறகு, வென்றவர் கைக்கு வந்து சேர்வது இன்னும் மெலிந்தது. நல்ல ஆட்டக்காரர் நீண்ட நாளில் லாபம் பார்க்க வேண்டுமானால் எதிரில் இருப்பவர்களைவிட ஓரளவு கெட்டிக்காரராக இருந்தால் போதாது. இந்த வெட்டுகளையெல்லாம் தாண்டும் அளவுக்குக் கெட்டிக்காரராக இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் உண்டு, மிகக் குறைவு. மற்றவர்கள் கட்டிய பணம்தான் அவர்களுக்கும் நிறுவனத்துக்கும் போனது.

சேருவதற்கான விதிகளைத் தமிழ்நாடுதான் மிக விரிவாக எழுதியது. கடனில் விழுந்தவர்களின் தற்கொலைச் செய்திகள் அடுத்தடுத்து வந்த பின்னணியில், 2020 நவம்பரில் அவசரச் சட்டம், 2021 பிப்ரவரியில் சட்டம், அதே ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரத்து. பிறகு நீதிபதி சந்துரு குழு, 2022 அக்டோபரில் புதிய மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்பியது, பேரவை மீண்டும் நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல். அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டமாகச் சேர்த்த பட்டியலை மட்டும் நீக்கியது. ஆளுக்குப் பதில் ‘பாட்’ என்னும் கணினி நிரல் ஆடலாம் என்ற அரசின் அச்சத்துக்குத் தக்க ஆதாரம் இல்லை என்றது நீதிமன்றம். தடுக்க முடியாது, ஒழுங்குபடுத்தலாம் என்ற நிலை வந்தபோதுதான், 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையத்தின் ஒழுங்குமுறைகள் வந்தன.

பதினெட்டு வயதுக்குக் கீழே சேர முடியாது. ஆதார் எண்ணும், ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் கட்டாயம். நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை உள்ளே நுழைய முடியாது. ஒரு மணி நேரம் தொடர்ந்து ஆடினால் திரையில் எச்சரிக்கை, அதற்குப் பிறகு அரை மணிக்கொரு முறை. ஒரு நாளைக்கு, வாரத்துக்கு, மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஆடுபவரே வரம்பு வைத்துக்கொள்ள வசதி. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. அந்தரங்க உரிமை மீறல் என்றார்கள். 2025 ஜூன் 3-இல் உயர் நீதிமன்றம் ஒழுங்குமுறைகளை உறுதிசெய்தது.

இவற்றில் நள்ளிரவுத் தடைதான் உருப்படியானது. இழந்ததை விடிவதற்குள் மீட்டுவிடலாம் என்று வீடு தூங்கிய பிறகு தனியாக ஆடும் ஐந்து மணி நேரத்தை அது அப்படியே வெட்டி எடுத்தது; யாருடைய மனக்கட்டுப்பாட்டையும் நம்பி நிற்கவில்லை. ஆதார் விதி அடையாளத்தை உறுதிசெய்தது, கையை அல்ல. அப்பாவின் போனில் அப்பாவின் ஆதாரில் கணக்குத் திறந்தால் கடவுச்சொல்லும் அதே போனுக்குத்தான் வரும். பையன் படித்துத் தட்டிவிடுவான். எச்சரிக்கையின் கதை இன்னும் பரிதாபம். புள்ளிக்குப் பத்து ரூபாய் மேசையில் ஓர் ஆட்டத்தில் 800 ரூபாய் வரை போகலாம். மூன்று நிமிடத்துக்கு ஓர் ஆட்டம் என்று வைத்தால், முதல் எச்சரிக்கை வருவதற்குள் இருபது ஆட்டம் முடிந்திருக்கும். வரம்பையோ யார் கட்டுப்பாடு இழந்திருக்கிறாரோ அவரிடமே எழுதச் சொன்னார்கள்.

நேரத்தை அளந்தார்கள், வயதை அளந்தார்கள், ஆளை அளந்தார்கள். ஒரு நாளைக்கு ஒருவர் அதிகபட்சம் எவ்வளவு இழக்கலாம் என்று அரசே ஓர் எண்ணை எழுதவில்லை. ஒரு மேசையிலிருந்து நிறுவனம் அதிகபட்சம் எத்தனை சதவீதம் எடுக்கலாம், தோற்றவர் மறுபடி கட்டி வரும்போதும் எடுக்கலாமா என்றும் எழுதவில்லை. அந்த இரண்டு எண்களையும் வைத்துப் பார்த்திருந்தால் தடைக்கு முன்பே பாதி நிறுவனங்கள் தாமாகக் கடையை மூடியிருக்கலாம். அல்லது யாரையும் அழிக்காமல் பிழைத்திருக்கலாம். அந்தச் சோதனை நடக்கவே இல்லை. நடுவண் சட்டத்தை எதிர்த்த வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடமே மாற்றிக்கொண்டது. சொந்த நாட்டு நிறுவனங்கள் பூட்டிய இடத்தில், ஆதாரும் கேட்காத, நள்ளிரவும் பார்க்காத வெளிநாட்டுச் செயலிகள் நுழைந்தால் என்ன செய்வது என்பது தடையை ஆதரிப்பவர்களும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

இதற்கிடையில் புதிய சட்டம் ஒரு சன்னலைத் திறந்தே வைத்திருக்கிறது. பணம் வெல்லும் எதிர்பார்ப்பு இல்லாத சமூக விளையாட்டுக்கு நடத்துபவர் சந்தா வாங்கலாம், ஒருமுறை நுழைவுக் கட்டணமும் வாங்கலாம். புள்ளிக்கு இவ்வளவு என்று ஆடும் ரம்மி அங்கே பிழைக்காது. 20-ஐ ஏற்று ஒதுங்குவதா, 80 வரை துணிவதா என்ற முடிவுக்குப் பணம் இல்லாவிட்டால் கனமே இருக்காது. பூல் ரம்மி அப்படி அல்ல. அதில் 101 என்ற எண்ணே பணயம். ஸ்கூட் எடுத்து எடுத்து ஐந்து ஆட்டம் தாக்குப்பிடிக்கலாம், ஆறாவதில் ஆள் அவுட். மாதச் சந்தா கட்டிய ஐம்பது பேர், பருவம் முழுக்க ஆடும் பூல்கள், வெற்றிக்குப் புள்ளிப் பட்டியல் என்று ஒரு லீக் நடத்த இந்த விதிகளே போதும். நடத்துபவருக்கு வருமானம் சந்தாவில் வந்துவிடும். யார் எத்தனை முறை தோற்றாலும் அது கூடாது, குறையாது. 79 விதியையும் வைத்துக்கொள்ளலாம், மறுபடி உள்ளே வருபவர் ஒரு பைசா கட்டாமல்.