மொய் விருந்து: வட்டியில்லாப் பணத்தின் பலமும் எல்லையும்

தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணியிலும் புதுக்கோட்டை மாவட்டத்துக் கீரமங்கலம், வடகாடு வட்டாரத்திலும் ஆடி பிறந்தால் மொய் விருந்துக் காலம். கல்யாணமோ காதுகுத்தோ இருக்க வேண்டியதில்லை. பணம் தேவைப்படும் குடும்பம் பத்திரிகை அடித்து, கறிச்சோறு போட்டு, மொய் வாங்கிக்கொள்ளலாம். இதை ஊர்ப் பெருமையாகக் கொண்டாடுவோர் பலர். ஒரு நிதி ஏற்பாடாக எடைபோட்டால்தான் இதன் பலமும் குறையும் தெரியும்.

பந்தலில் நோட்டுடன் உட்கார்ந்திருப்பவர் ஊர், பெயர், தொகை மூன்றையும் எழுதுகிறார். மொய் செய்ய வருபவரும் தன் வீட்டு நோட்டைப் புரட்டிவிட்டுத்தான் வந்திருப்பார். முன்பு தனக்கு ஆயிரம் ரூபாய் செய்தவருக்கு இப்போது இரண்டாயிரம் எழுதினால், பாதி பழைய மொய். மீதி புது மொய். அந்தப் புது மொய் விருந்து வைத்தவர் மேல் கடனாக நிற்கும். பழையதை மட்டும் திருப்பினால் கணக்கு முடிந்தது. பொதுவாக ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான் ஒரு குடும்பம் விருந்து வைக்கும். செலவைக் குறைக்கப் பல குடும்பங்கள் ஒரே பந்தலில் சேர்ந்து நடத்துவதும் உண்டு.

மொத்தமாக வாங்கிச் சிறுகச் சிறுகத் திருப்பலாம் என்பதே இதன் பெரும்பலம். போர்வெல் போடவும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் கட்டவும் அடமானமில்லாமல், வட்டியில்லாமல் பணம் கிடைக்கிறது. ஊரார் முன்னிலையில் காக்க வேண்டிய நாணயமே இங்கே ஜாமீன்.

அந்த நாணயமே சுமையாகவும் மாறுகிறது. ஒரே வாரத்தில் நாலைந்து பத்திரிகை வந்துவிட்டால், கையில் காசில்லாதவர் நகையை அடகு வைத்தாவது மொய் எழுத வேண்டும். வட்டியில்லாக் கடனை அடைக்க வட்டிக்குக் கடன் வாங்குவது இப்படித்தான் நுழைகிறது. எழுதியவருக்கும் இழப்பு உண்டு: ஐந்து ஆண்டு கழித்துத் திரும்பும் ஆயிரத்துக்குப் பழைய மதிப்பு இராது. அதோடு, நாலு பேருக்குத் தாராளமாகச் செய்ய முடிந்தவருக்கே நிறைய வசூலாகும். செய்ய வழியில்லாத கூலித் தொழிலாளிக்கு இந்த வாசல் பெரிதும் திறப்பதில்லை.

இவற்றைவிட ஆழமான குறை 2018 நவம்பரில் வெளிப்பட்டது. கஜா புயல் இந்தப் பகுதியின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. புதிதாக நட்ட கன்று காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். மொய் கொடுக்க வேண்டியவரும் வாங்க வேண்டியவரும் ஒரே தென்னை வருமானத்தை நம்பியிருந்தவர்கள். ஒரு வீட்டுக்கு வரும் கஷ்டத்தை ஊர் தாங்கும். ஊருக்கே வந்தால் தாங்க வெளியே யாருமில்லை.

ஆகவே மொய் விருந்து இருப்பதைக் காட்டி வங்கிக் கடனையும் பயிர்க் காப்பீட்டையும் புயல் நிவாரணத்தையும் அரசு குறைத்துக்கொள்ள இடம் தரக்கூடாது. ஊர்களும் தங்கள் பங்குக்கு இரண்டு விதிகளைச் சேர்க்கலாம்: பேரிடர் ஆண்டில் பழைய மொய்க்கு எல்லோருக்கும் தவணை நீட்டிப்பு, ஒவ்வொரு விருந்து வசூலிலும் சிறு பங்கு பொது நிதிக்கு. கூலி வேலைக்குப் போகும் குடும்பமும் கைநீட்டிக் கேட்கக்கூடிய நிதியாக அது இருந்தால், இந்த ஏற்பாட்டை ஊருக்கே உரியது என்று சொல்ல நியாயம் இருக்கும்.