தண்டும் துடுப்பும்

ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெறும்போதெல்லாம் தமிழ்ச் செய்தித்தாள்களில் ‘துடுப்புப் படகுப் போட்டி’ என்றொரு தலைப்பு இடம் பெறுகின்றது. அத்தலைப்பின்கீழ் இரு வேறு விளையாட்டுகள் ஒரே பெயரில் கலந்து கிடப்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்றில், வீரர் படகு செல்லும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, படகின் பக்கத்தில் பொருத்தப்பட்ட நீண்ட கோலை இழுக்கின்றார். மற்றொன்றில், வீரர் முன்னோக்கி அமர்ந்தோ மண்டியிட்டோ, எதனிலும் பொருத்தப்படாத குட்டைக் கோலைக் கைகளாலேயே பிடித்து நீரைத் தள்ளுகின்றார். ஒலிம்பிக் விழாவில் இவ்விரண்டிற்கும் தனித்தனிப் பதக்கங்கள் உண்டு. உலகச் சங்கங்களும் தனித்தனியே உண்டு. தமிழில் மட்டும் இரண்டும் துடுப்பே.

இது சொல்லைப் பற்றிய சிறு பூசல் என்று ஒதுக்கிவிடத் தக்கதன்று. படகுப் பந்தயத்தில் வேகம் எவ்வாறு கூடிற்று, பயிற்சியாளர் என்ன செய்தார், அறிவியல் எங்கே துணை நின்றது என்பவற்றைத் தமிழில் ஒரு மாணவனுக்கு விளக்கப் புகும் ஆசிரியர், முதல் வரியிலேயே இந்தச் சொல்லில் இடறி நிற்கிறார்.

தமிழில் சொல் இல்லையோ என்றால், இருக்கிறது. துடுப்பு என்பது களி கிளறும் அகப்பைக்கும் பெயர். கையில் தன்னிச்சையாகச் சுழன்று கிளறுவது அது. ஆகவே, பிணைப்பின்றிக் கையில் ஆடும் குட்டைக் கோலுக்கு அப்பெயர் நன்கு பொருந்தும். படகில் கட்டி இழுக்கும் நீண்ட கோலுக்குத் தமிழர் வழங்கிய பெயர் தண்டு. அத்தொழிலுக்குப் பெயர் தண்டு வலித்தல். பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் யோனாவின் கப்பலைக் கரை சேர்க்க முயன்றோர் தண்டுதான் வலிக்கின்றனர். வலித்தல் என்றால் இழுத்தல். துடுப்பைப் போடுவர், தண்டை வலிப்பர். வினையே வேறு. மலாய் மொழியும் இவ்வேறுபாட்டை அறியும்: நீண்டது டாயுங், குட்டையானது பெங்காயு. லங்காட் ஆற்றங்கரையில் வாழும் பந்திங் வட்டாரத் தமிழ் மாணவன் மலாயில் வேறுபடுத்தக் கூடியதைத் தன் தாய்மொழியில் வேறுபடுத்த இயலாமல் இருப்பது வியப்புக்குரியது.

வேறுபாடு பெயரளவில் நிற்பதன்று. தண்டை வலிப்பவர் அதன் பிடியில் விசையைக் கொடுக்கிறார். மறுமுனையிலுள்ள அலகு நீரில் ஊன்றி நிற்கிறது. இடையே தண்டு பொருந்திய இடத்தில் படகு முன்னோக்கித் தள்ளப்படுகிறது. நீரை ஆதாரமாகவும் படகைச் சுமையாகவும் கொண்டால் இஃது இரண்டாம் வகை நெம்புகோல். துடுப்பிலோ மேற்கை ஆதாரமாக நிற்க, கீழ்க்கை இடையில் இழுக்க, அலகு நீரைத் தள்ளுகின்றது. இது பெரும்பாலும் மூன்றாம் வகையின்பாற்படும். நெம்புகோலின் வகைகளைக் கரும்பலகையில் வரைந்து காட்டும் ஆசிரியர், இரண்டிற்கும் துடுப்பையே உதாரணமாகச் சொன்னால் மாணவன் குழம்பாமல் என் செய்வான்?

சொல் மழுங்கினால் கருத்தும் மழுங்கும். தண்டின் தொழில் இன்னதென்று தெரியாத எழுத்தாளர், வெற்றிக்குக் காரணம் கூற வேண்டிய இடத்தில் ‘புயலெனப் பாய்ந்தனர்’, ‘தோள் வலி காட்டினர்’ என்று அணிகளை அடுக்கிச் செல்கின்றார். தோள் வலி என்பதே தவறு. நகரும் இருக்கையில் அமர்ந்து வலிப்பவரின் விசையிற் பெரும்பகுதி காலிலிருந்து பிறப்பது. முதுகும் கையும் அதனைத் தண்டிற்குக் கொண்டு சேர்க்கின்றன.

அன்றியும், வலிமையைக் கூட்டுவதால் மட்டும் வேகம் அவ்வளவாகக் கூடிவிடாது. நீரின் தடை ஏறத்தாழ வேகத்தின் இருமடிப்படி வளர்கிறது. அதனை வெல்ல வேண்டிய ஆற்றல் மும்மடிப்படி வளர்கிறது. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்ட விரும்பினால், ஆற்றலை மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். இரு மடங்கு வேகத்திற்கு எட்டு மடங்கு ஆற்றல் வேண்டும். இக்கணக்கினின்று மற்றோர் உண்மையும் பெறப்படும். ஒரே சராசரி வேகத்தில் சென்றாலும், விட்டுவிட்டுப் பாயும் படகு சீராகச் செல்லும் படகைவிட மிகுதியான ஆற்றலை விழுங்குகின்றது.

எட்டு வீரர் வலிக்கும் பந்தயப் படகு 96 கிலோவுக்குக் குறையலாகாது என்பது விதி. அதில் ஆளுக்கு 90 கிலோ எடையுள்ள எண்மர் அமர்ந்தால் 720 கிலோ. தம் படகைப்போல் ஏழரை மடங்கு கனமுள்ள உடல்கள் ஒவ்வோர் இழுப்பிலும் முன்னும் பின்னும் நகர்கின்றன. படகு எப்போது மிக வேகமாகச் செல்கிறது என்று கேட்டால், தண்டு நீரில் இருக்கும்போது என்றே எவரும் விடை கூறுவர். உண்மை வேறு. தண்டை நீரினின்று எடுத்துவிட்டு வீரர்கள் அடுத்த இழுப்பிற்காகப் பின்னணியத்தை நோக்கி நகரும்போதுதான் படகு மிக விரைவாக ஓடுகின்றது. அந்நேரத்தில் ஒருவர் அவசரப்பட்டு உடலை எறிந்தால், எண்மர் உழைத்துப் பெற்ற ஓட்டம் தடைப்படும். பயிற்சியாளரின் கண் இழுப்பின்மீது இருப்பதைவிட இந்த இடைவேளையின்மீது இருப்பதற்குக் காரணம் இதுவே. பார்வையாளருக்கு அஃது ஓய்வு போலத் தோன்றும்.

இவை ஒரே நாளில் அறியப்பட்டவை அல்ல. 1840களில் இங்கிலாந்தின் டைன் ஆற்றில் ஹென்றி கிளாஸ்பர் முதலியோர் தண்டின் பொருத்துவாயைப் படகிற்கு வெளியே நீட்டி அமைத்தனர். அதனால் படகைக் குறுக்கவும், தண்டை நீட்டவும் முடிந்தது. பின்னர், நிலையான பலகையின்மீது கொழுப்புப் பூசிய தோற்கால்சட்டையுடன் வழுக்கி வலித்துப் பார்த்தனர். அது நகைப்பிற்கிடமாகத் தோன்றலாம். ஆனால் காலின் விசையைத் தேடிய முதல் முயற்சி அதுவே. 1873இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் குழுவினர் இருவரும் நகரும் இருக்கையில் அமர்ந்து பந்தயம் வலித்தனர். ஆயினும், உடல் அழகாக நிமிர்ந்து வளைவதே சிறப்பு என்ற கொள்கை அங்கே நெடுங்காலம் நிலவிற்று. ஆஸ்திரேலியரான ஸ்டீவ் ஃபேர்பேர்ன் கேம்பிரிட்ஜில் அதனை மறுத்தார். உடல் எவ்வாறு தோன்றுகிறது என்பதை விட்டு, நீரில் அலகு என்ன செய்கிறது என்று பாருங்கள் என்பது அவர் கொள்கையின் சாரம். தமிழ்க் கவிதையில் ஓசை அழகா, பொருளா என்ற வழக்கு எவ்வளவு நீண்டதோ, அவ்வழக்கும் அவ்வளவு நீண்டது.

ஆசிரியர்கள் சிறப்பாக அறிய வேண்டியவர் கார்ல் ஆடம். வட ஜெர்மனியில் ஏரிகள் சூழ்ந்த சிற்றூர் ராட்ஸ்பூர்க். அங்கே பள்ளியில் கணிதமும் இயற்பியலும் உடற்பயிற்சியும் கற்பித்தவர் அவர். குத்துச்சண்டையில் பெயர் பெற்றவர். பந்தயப் படகில் தண்டு வலித்தவர் அல்லர். பள்ளி மாணவரின் படகுக் குழுவைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. வலித்து அறியாதவர் வலிக்கக் கற்பிப்பதா என்று கேட்கத் தோன்றும். அறியாமையே அவருக்கு உதவிற்று எனலாம். மரபு என்ற பெயரில் எதனையும் ஏற்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. ஓட்டப் பந்தயத்தார் கையாண்ட இடைவெளிப் பயிற்சியை, அதாவது கடும் முயற்சியும் சிறு தளர்வும் மாறி மாறி வரும் முறையைப் படகிற்குக் கொண்டுவந்தார். அலகு நீரில் வழுக்குவதைக் குறைக்க அதனை அகலமாக்கினார். இழுப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டினார். தண்டுகள் இடமும் வலமும் ஒன்றுவிட்டு ஒன்று அமைய வேண்டும் என்ற பழைய ஒழுங்கையும் மாற்றிப் பார்த்தார். இவற்றையெல்லாம் ஆணையாக இடாமல் வீரர்களுடன் விவாதித்தார். காரணம் தெரிந்து வலிப்பவன் வேறு, கட்டளைக்கு வலிப்பவன் வேறு என்பது அவர் கருத்து.

1920 முதல் 1956 வரை நடந்த எட்டு ஒலிம்பிக் விழாக்களிலும் எண்மர் படகுப் பந்தயத்தில் அமெரிக்கரே வென்றிருந்தனர். 1960இல் ரோமுக்கு அருகிலுள்ள அல்பானோ ஏரியில் அவ்வரிசை முறிந்தது. ஆடம் பயிற்றிய ஜெர்மன் குழு தங்கம் பெற்றது. 1968இல் மெக்சிகோவிலும் அவர் குழு வென்றது. இவ்வரலாற்றைச் சொல்லும்போது அகன்ற அலகை மட்டும் எடுத்துக்காட்டி, கருவியின் வெற்றி என்று முடிப்பார் உளர். அலகைப் பார்த்து எவரும் செய்துகொள்ளலாம், செய்தும் கொண்டனர். ஏன் அகலமாக்கினார் என்ற வினாவைப் பின்பற்றுவதே அரிது.

கருவியின் நிலையாமைக்குச் சான்று பிறிதொன்றும் உண்டு. 1981இல் பீட்டர் மிகேல் கோல்பே என்ற ஜெர்மானியர், இருக்கை நிலையாக இருக்க, கால் வைக்கும் பலகையும் தண்டின் பொருத்துவாயும் நகரும் படகில் உலகப் பட்டம் வென்றார். கனத்த உடல் நகராமல் இலேசான சட்டகம் நகர்வதால் படகின் ஓட்டம் சீர்ப்பட்டது. 1983இல் தனியர் இறுதிப் பந்தயத்திற்கு வந்த அறுவரும் அவ்வகைப் படகிலேயே வந்தனர். அதன்பின் உலகச் சங்கம், செலவு மிகும் என்று காட்டி அதனைத் தடை செய்தது.

பந்திங் வாசகருக்கு இச்செய்தி பழக்கமான மற்றொன்றை நினைவூட்டும். கம்போங் காஞ்சோங் டாராட்டில் ஹாஜி சிடேக் அப்துல்லா கமார் வீட்டு முற்றத்தில் ஆடுகளம் அமைத்துத் தம் மக்கள் ஐவரைப் பூப்பந்தில் பயிற்றினார். ரசிப்பும் ஜலானியும் 1982இல் அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டம் வென்றனர். பந்தின் இறகுப் பக்கத்தைச் சீவி, அது தடுமாறிச் சுழலுமாறு அனுப்பும் அவர்களுடைய தொடக்க அடி எதிரிகளைத் திகைக்க வைத்தது. அதே ஆண்டில் தடையும் செய்யப்பட்டது. அந்த அடியே அவர்கள் திறமை என்றிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். பத்தாண்டு கழித்து, 1992இல் பார்சிலோனாவில் வெண்கலம் வென்று மலேசியாவிற்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைத் தந்தோர் அவ்விருவரே. தடைக்கு உட்படாத ஒன்று அந்த முற்றத்தில் கற்பிக்கப்பட்டிருக்கிறது. சிடேக் குடும்பத்தைப் பற்றி எழுதுவோர் பிறவித் திறன் என்று கூறி அந்த முற்றத்தைக் கடந்து போவது வருந்தத்தக்கது.

படகைப் பற்றித் தமிழில் எழுதுவோரின் பெருங்குறை இவ்விடத்தில்தான் இருக்கிறது. பயிற்சியைக் கூற வேண்டிய இடத்தில் அவர்கள் மரபைக் கூறுகின்றனர். வங்கம், நாவாய், அம்பி, திமில், பஃறி, தோணி என்று சங்க நூல்களிலிருந்து கலங்களின் பெயர்களை வரிசைப்படுத்தி, கடல் கடந்த இனம் என்று மார்தட்டிக் கட்டுரையை முடிக்கின்றனர். மரபே போதுமாயின் இந்தியாவின் படகுப் பதக்கங்கள் நாகையிலோ தூத்துக்குடியிலோ விளைந்திருக்க வேண்டும். 2010இல் குவாங்சௌ நகரில் ஆசிய விளையாட்டுப் படகுப் போட்டியில் இந்தியாவிற்கு முதல் தங்கம் பெற்றுத் தந்த பஜ்ரங் லால் தாக்கர், ராஜஸ்தானத்து வறண்ட சீகர் மாவட்டத்தவர். 2018இல் தங்கம் பெற்ற நால்வர் குழுவிலிருந்த தத்து போகனல், நாசிக் பக்கத்தில் குடிநீருக்கே ஏங்கும் சிற்றூரில் பிறந்தவர். இராணுவத்தில் சேர்ந்த பிறகே அவர்கள் தண்டைத் தொட்டனர். புனேயில் இராணுவப் பொறியியற் கல்லூரியில் அமைந்த பயிற்சி நிலையம் அத்தகையோரை உருவாக்கிற்று. சென்னையில் 1867 முதலும், கொழும்பில் 1864 முதலும் படகுக் கழகங்கள் இருந்து வருகின்றன. அவை நெடுங்காலம் துரைமார்க்கு உரியவையாகவே இருந்தன.

மரபில் பயன் இல்லை என்பது இதன் பொருள் அன்று. பயன் வேறிடத்தில் இருக்கிறது. துறைமுகம் எழுவதற்கு முன் சென்னைக் கரையில் பொங்கும் அலைகளைக் கடந்து கப்பலுக்குச் சென்று வந்தவை கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள். நுனியில் பலகை கட்டிய நீண்ட தண்டுகளைப் படகோட்டிகள் பாடிக்கொண்டே வலித்தனர். அலை எழும் கணம் அறிந்து விரைவதும் நிற்பதும் பின்னே நிற்பவரின் குரலைப் பொறுத்தன. ஒருவர் தாளம் தவறினால் படகு குறுக்கே திரும்பிக் கவிழும். பந்தயக் குழுவினர் இன்று பொறிகளால் அளந்து கற்கும் ஒருமையை அவர்கள் பாட்டினால் காத்தனர். ‘ஏலேலோ’ப் பாடல்களைத் தொகுப்போர் பெரும்பாலும் சொற்களையே தொகுக்கின்றனர். எந்த அசையில் தண்டு நீரில் இறங்குகிறது, எந்த அசையில் வெளிவருகிறது, அலை வரும்போது நடை எவ்வாறு மாறுகிறது என்ற குறிப்பு இன்றேல், அது பாதிப் பாடலே.

சொற்களும் அவ்வாறே நழுவுகின்றன. படகின் முன்பகுதிக்கு அணியம், பின்பகுதிக்கு அமரம் அல்லது பின்னணியம், அடிமரத்திற்கு ஏரா, திசை திருப்பும் பலகைக்குச் சுக்கான் என்று தொழிலாளர் வாயில் வழங்கியவை இருக்க, ‘முன் பகுதி’, ‘பின் பகுதி’ என்று எழுதுவது ஏன்? பாடநூல் எழுதுவோரும் செய்தி எழுதுவோரும் தண்டு வலித்தல் என்பதை மீண்டும் வழக்கிற்குக் கொணர்ந்தால், துடுப்பு தன் உரிய இடத்தில் நிற்கும்; டிராகன் படகுக்கு அதுவே சொல்.

எல்லாவற்றிற்கும் பழஞ்சொல் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. படகிற்கு வெளியே நீண்டு தண்டைத் தாங்கும் சட்டகத்தைப் புறத்தாங்கி எனலாம். ஆனால் அது தாங்குவதோடு நில்லாமல் படகைத் தள்ளும் இடமாகவும் இருப்பதை அச்சொல் காட்டவில்லை. அலகு நீரில் இறங்கிப் பற்றும் கணத்தை ஆங்கிலேயர் ‘பிடித்தல்’ என்ற பொருளுள்ள சொல்லால் குறிக்கின்றனர். அதனைக் ‘கொத்து’ என்று கூறின் நீரை வெட்டுவதாகப் பொருள்படும். பயிலும் மாணவன் உண்மையிலேயே வெட்டத் தொடங்குவான். ‘ஊன்று’ என்பது பொருத்தமாகத் தோன்றுகிறது, அலகு நிற்கப் படகு நகர்வதை அது காட்டுவதால். ஆனால் ஆழமற்ற நீரில் கோலூன்றித் தள்ளுவோருக்கு அச்சொல் முன்னரே உரிமையாகிவிட்டது. இரண்டில் எது நிற்கும் என்பதை, படகின் அருகே நின்று மாணவரைக் கூவி வலிக்கச் செய்யும் பயிற்சியாளர் ஒருவர்தாம் சொல்லிப் பார்த்துத் தீர்க்க வேண்டும்.