சிறையில் மானம்: ‘லா கிராந்த் இல்யூசியோன்’ திரைப்படமும் புறநானூறு 74ஆம் பாடலும் – ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவாரின் ‘லா கிராந்த் இல்யூசியோன்’ (1937) திரைப்படம் பகைவரிடையே நிலவும் மனிதநேயத்தைப் போற்றும் படைப்பாகவே பெரிதும் வாசிக்கப்பட்டு வருகிறது. இக்கட்டுரை அப்படத்தைச் சேரமான் கணைக்கால் இரும்பொறையின் பெயரில் அமைந்த புறநானூறு 74ஆம் பாடலோடு ஒப்பிடுகிறது. கைதியின் மானம் அவனது பண்பை மட்டுமன்றிச் சிறைப்படுத்தியவனின் ஏற்பையும் சார்ந்தது என்பதை நிறுவி, அந்த ஏற்பு மறுக்கப்பட்ட 1950ஆம் ஆண்டுச் சேலம் சிறை நிகழ்வின் ஒளியில் படத்தின் வலிமையையும் எல்லையையும் மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: போர்க்கைதி, மானம், அறத்தேர்வு, மரியாதைப் பன்மை, புறநானூறு, ழான் ரெனுவார், சேலம் சிறை.

முன்னுரை

‘பெரும் மாயை’ எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்ட இப்படம் முதலாம் உலகப்போரைக் களமாகக் கொண்டது. ஆயினும் இதில் போர்க்களக் காட்சி ஒன்றுகூட இல்லை. ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட பிரெஞ்சு அதிகாரிகளின் வாழ்வும் தப்பிக்கும் முயற்சிகளுமே கதை. தலைப்பு, போரினால் வென்றவருக்கும் பொருளியல் பயன் இல்லை என்று வாதிட்ட நார்மன் ஏஞ்சலின் நூற்பெயரை நினைவூட்டுவது. வெனிஸ் திரைப்பட விழாவில் பரிசு பெற்ற இப்படம் நாஜி ஜெர்மனியில் தடைசெய்யப்பட்டது.

நாட்டுப்பற்றைவிட வர்க்க உறவு வலியது என்பதை இப்படம் காட்டுகிறது என்பது பரவலான கருத்து. அக்கருத்து தவறன்று, ஆனால் முழுமையானதும் அன்று. சிறைப்பட்டவன் எதை இழக்க மறுக்கிறான், அம்மறுப்பினால் பயன்பெறுபவர் யார் என்னும் இரு வினாக்களை எழுப்பினால் படத்தின் அறமையம் வேறிடத்தில் இருப்பது புலப்படும். அவ்வினாக்களைக் கூர்மைப்படுத்தச் சங்க இலக்கியம் துணைசெய்கிறது.

குடவாயிற் கோட்டத்துக் கைதி

புறநானூறு 74ஆம் பாடலின் கொளுக்குறிப்பு அறியப்பட்டதே. சோழன் செங்கணானோடு திருப்போர்ப்புறத்தில் பொருது பிடிபட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, குடவாயிற் கோட்டத்துச் சிறையில் தண்ணீர் கேட்கிறான். காவலர் காலந்தாழ்த்துத் தர, அதனைக் கையிற் கொண்டும் பருகாது உயிர்துறக்கிறான். இறந்து பிறந்த குழவியையும் உருவற்ற தசைப்பிண்டத்தையும் வாளால் வடுப்படுத்தி வீரனுக்குரிய முறையில் அடக்கும் மரபில் வந்தவன், நாயெனச் சங்கிலியிற் பிணிப்புண்டு பகைவரிடம் நீரை இரந்து உண்பதா என்பதே பாடலின் வேதனை. பொய்கையார் களவழி நாற்பது பாடி இம்மன்னனைச் சிறைமீட்டார் என்னும் மற்றொரு வழக்கும் உண்டு. கொளுக்குறிப்புகள் பிற்காலத் தொகுப்பாளரால் சேர்க்கப்பட்டவை ஆதலின், இதனை வரலாற்றுச் சான்றாக அன்றி, மானம் பற்றித் தமிழ் மரபு வரைந்துகொண்ட சித்திரமாகக் கொள்வதே பொருந்தும்.

இச்சித்திரத்தில் இரு கூறுகள் கருதத்தக்கன. ஒன்று, மன்னனைக் கொல்வது தாகமோ வாளோ அன்று, காவலரின் காலத்தாழ்ப்பு. தம் முன் இருப்பவன் யார் என்பதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. மற்றொன்று, அவனுடைய தேர்வு அவனோடு முடிந்துவிடுகிறது. அவன் பருகாத நீர் வேறெவர் தாகத்தையும் தணிக்கவில்லை. மானம் இங்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் மறுப்பு மட்டுமே.

வின்டர்ஸ்போர்ன் கோட்டையின் கைதி

படத்தின் புவல்தியூ (பியேர் ஃபிரெஸ்னே) பிரெஞ்சு உயர்குடிப் பிறந்த அதிகாரி. அவனும் தொழிலாளர் பின்னணியிலிருந்து வந்த மரேஷாலும் (ழான் காபேன்) சென்ற விமானத்தைச் சுட்டு வீழ்த்துபவன் ஜெர்மானியப் பிரபுவான ரவுஃபன்ஸ்டைன் (எரிக் ஃபான் ஷ்ட்ரோஹைம்). வீழ்த்தியதும் அவர்களை அவன் விருந்துக்கு அழைக்கிறான். பின்னர், காயமுற்றுக் கழுத்துப் பட்டையோடு வின்டர்ஸ்போர்ன் கோட்டைச் சிறையின் தலைவனாக இருக்கும் அவனிடமே இருவரும் மீண்டும் வந்துசேர்கின்றனர்.

கணைக்கால் இரும்பொறைக்கு மறுக்கப்பட்டது புவல்தியூவுக்குக் கேட்காமலே கிடைக்கிறது. கைதிகளின் அறை சோதனையிடப்படும்போது, விதிக்கு மாறான பொருள் இல்லை என்று அவன் வாக்களித்தால் போதும் என்கிறான் ரவுஃபன்ஸ்டைன். பிறர் வாக்கைக் கேளாது தன் வாக்கை மட்டும் கேட்பது ஏன் என்று புவல்தியூ வினவும்போது, மரேஷால், ரோசந்தால் போன்றோரின் வாக்குக்கு மதிப்பில்லை என்ற எண்ணம் வெளிப்படுகிறது. அவர்கள் வாக்கும் நம் வாக்குக்கு இணையானதே என்று புவல்தியூ மறுக்கிறான். தப்பிப்பதற்கான கயிறு அப்போது சன்னலுக்கு வெளியே மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அவன் அளித்த வாக்கு பொய்யன்று. முழு மெய்யும் அன்று. தன் மானத்தில் ஒரு பங்கைத் தோழர்களுக்காக அவன் செலவிடத் தொடங்குவது இவ்விடத்தில்தான்.

மரேஷாலும் யூதனான ரோசந்தாலும் (மார்செல் தாலியோ) தப்பிச் செல்லும் இரவில், வெண்ணிறக் கையுறை அணிந்து, குழலில் குழந்தைப் பாடலொன்றை இசைத்தபடி புவல்தியூ கோட்டை உச்சிக்கு ஏறிக் காவலரின் கவனத்தைத் தன்பால் ஈர்க்கிறான். இறங்கிவருமாறு ரவுஃபன்ஸ்டைன் ஆங்கிலத்தில் மன்றாடுகிறான், மறுக்கப்படவே சுடுகிறான். காலைக் குறிவைத்த குண்டு வயிற்றில் பாய்கிறது. மரணப்படுக்கையில் மன்னிப்புக் கோருபவனிடம், தானும் அவ்வாறே செய்திருப்பேன் என்கிறான் புவல்தியூ. அவன் இறந்தபின், கோட்டையில் பூத்திருந்த ஒரே ஜெரேனியப் பூவை ரவுஃபன்ஸ்டைன் கத்தரிக்கிறான்.

இரும்பொறையின் மானம் நீரை மறுத்தது. புவல்தியூவின் மானமோ பிறருக்கு வழியாயிற்று. தன் வர்க்கத்தின் காலம் முடிந்துவிட்டதை உணர்ந்த ஒருவன், அவ்வர்க்கம் தனக்கு அளித்த நடத்தைநெறியை அவ்வர்க்கத்தைச் சாராத இருவருக்குப் பயன்படுத்திவிட்டுச் செல்கிறான். அறத்தேர்வு என்ற வகையில் இது புறநானூற்று மறுப்பினின்றும் ஒரு படி முன்சென்றது.

முன்னிலைப் பன்மையும் சமூகத் தொலைவும்

இப்படத்தின் சமூக அடுக்குகளை உணரத் தமிழ் வாசகருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. பிரெஞ்சில் ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் வேறுபாடு தமிழில் உள்ளவாறே இயங்குவது. ஆங்கிலத் துணைவரிகளில் அது மறைந்துவிடும். பதினெட்டு மாதம் உடனிருந்தும் புவல்தியூ தன்னை ‘நீங்கள்’ என்றே அழைப்பதை மரேஷால் சுட்டும்போது, தாயையும் மனைவியையும்கூட அவ்வாறே அழைப்பதாகப் புவல்தியூ விடையளிக்கிறான். உயிரைக் கொடுக்க முன்வந்தவனால் ஒருமையைக் கொடுக்க இயலவில்லை.

ஒருவரைப் பன்மையால் கூறும் வழக்கைத் தொல்காப்பியர் வழக்கினால் அமைந்த உயர்சொல்லாகக் கொண்டு, இலக்கண நெறியின் வேறாகப் பிரித்துக் காட்டுகிறார். மரியாதை என்பது மொழியின் இயல்பன்று, சமூகத்தின் ஏற்பாடு என்ற தெளிவு அதில் உண்டு. புவல்தியூவும் ரவுஃபன்ஸ்டைனும் பிறர் அறியாதவாறு ஆங்கிலத்திற்கு மாறுவதும் இத்தகைய ஏற்பாடே. இதற்கு மாறாக, முதல் முகாமில் தோண்டிய சுரங்கத்தைப் பற்றிப் புதிதாக வரும் ஆங்கிலேய அதிகாரியிடம் கூற மரேஷால் முயல்கிறான். அவருக்குப் பிரெஞ்சு தெரியாததால் உழைப்பெல்லாம் வீணாகிறது. உயர்குடியினருக்கு மொழி பாலமாகிறது, ஏனையோருக்குச் சுவராகிறது.

ஏற்பின் எல்லை

ரவுஃபன்ஸ்டைனின் துயரம் மெய்யானது. ஆனால் அது தனக்கு நிகரானவனைச் சுட்டதால் எழுந்த துயரம். மரேஷாலைச் சுட்டிருந்தால் அப்பூ கத்தரிக்கப்பட்டிருக்குமா என்ற வினாவை மனிதநேய வாசிப்புகள் எழுப்புவதில்லை. படமே அவ்வினாவுக்கு இடம் தருகிறது. கோட்டையில் சிறைப்பட்டிருக்கும் செனகல் நாட்டு அதிகாரி, நீதி குற்றத்தைத் துரத்துவதாக ஓர் ஓவியம் வரைந்து தோழர்களிடம் காட்டுகிறான். அவர்கள் அதனைப் பொருட்படுத்துவதில்லை. குடியேற்ற நாட்டிலிருந்து வந்தவன் ஒரே சிறையில் இருந்தும் எவர் பார்வையிலும் படுவதில்லை. மேலும், சிறைகள் அனைத்தும் அதிகாரிகளுக்குரியவை. சாதாரணப் படைவீரன் கைதியாக என்ன பட்டான் என்பது படத்திற்கு வெளியே நிற்கிறது.

கைதியின் தகுதிக்கேற்ப மதிப்பை வகுக்கும் முறை தமிழகம் அறியாததன்று. பிரித்தானிய இந்தியச் சிறைகளில் கல்வி, சமூக நிலை, வாழ்க்கை முறை ஆகியவற்றின் அடிப்படையில் கைதிகள் ஏ, பி, சி என வகுக்கப்பட்டனர். இவ்வகுப்புமுறையின் பின்னணியில், மஞ்சக்குட்டை முதலிய மலையூர்களைக் கொண்ட சேர்வராயன் மலையின் அடிவார நகரான சேலத்தில் நிகழ்ந்தது ஒப்புநோக்கத்தக்கது. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மலபார்ப் பகுதி உழவர் இயக்கத்தினர். இந்தியக் குடியரசு பிறந்து அப்போது பதினாறு நாட்களே ஆகியிருந்தன. அரசியல் கைதிகளாக மதிக்கப்பட வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கையின் சாரம்.

சுட்டவரும் சுடப்பட்டவரும் இங்கு ஒரே நாட்டினர். பகைநாட்டுப் பிரபுவுக்குக் கிடைத்த ஏற்பு, சொந்த நாட்டு உழவனுக்குக் கிடைக்கவில்லை. இரும்பொறையும் புவல்தியூவும் பிறப்பால் பெற்ற மானத்தைக் காத்தனர். சேலம் கைதிகளோ பிறப்பால் எவரும் தமக்கு அளித்திராத மானத்தைக் கோரினர். வரலாற்று நிகழ்வும் புனைவும் வெவ்வேறு தளத்தின. எனினும், நிகரானவர்க்கிடையே மட்டும் செல்லுபடியாகும் கருணையை மனிதநேயம் எனப் பொதுமைப்படுத்த இயலாது என்பதை இந்நிகழ்வு தெளிவாக்குகிறது.

பாடலின் இரண்டாம் வருகை

படத்தின் கடைசிப் பகுதி இக்குறையை ஒருவாறு நிறைக்கிறது. தப்பிச்செல்லும் வழியில் ரோசந்தாலின் கால் சுளுக்குகிறது. பசியும் குளிரும் முற்ற, மரேஷால் அவனை யூதன் என்று இழித்துரைத்து விட்டுப் பிரிகிறான். தனித்து விடப்பட்ட ரோசந்தால், புவல்தியூ குழலில் இசைத்த அதே குழந்தைப் பாடலைச் சினத்தோடு பாடுகிறான். உணவு தீர்ந்த கப்பலில் இளைய மாலுமியை உண்ணச் சீட்டுப் போடும் கதையைச் சொல்லும் பாடல் அது. விலகி நடக்கும் மரேஷாலின் வாயிலும் அப்பாடல் தொற்றுகிறது, பின் நின்றுவிடுகிறது, அவன் திரும்பி வருகிறான்.

இத்திரும்புதலே படத்தின் அறமையம் எனலாம். புவல்தியூவின் தியாகத்திற்கு நெறியும் கையுறையும் காண்போரும் இருந்தனர். மரேஷாலின் திரும்புதலுக்கு எதுவும் இல்லை. வெறுப்பைச் சொல்லிவிட்ட பின்னரும் வருகிறான் என்பதே அதன் எடை. அதன்பின், போரில் கணவனையும் உடன்பிறந்தாரையும் இழந்த எல்சா என்னும் ஜெர்மானியப் பெண் இருவருக்கும் அடைக்கலம் தருகிறாள். மரேஷாலுக்கும் அவளுக்கும் பொதுமொழி இல்லை. அரைகுறைச் சொற்களால் அன்பு வளர்கிறது. இறுதியில் நண்பர் இருவரும் முன்பு வசையாக இருந்த இனப்பெயரையே கேலியாக்கி விடைபெறுகின்றனர். நிகர்நிலையை முன்நிபந்தனையாகக் கொள்ளாத ஏற்பு இங்கேதான் உருவாகிறது.

முடிவுரை

புறநானூறு 74ஆம் பாடல் மானத்தைத் தன்மறுப்பாகக் காட்டுகிறது. ரெனுவாரின் படம் அதனைப் பிறருக்கான ஈகையாக மாற்றி, அதற்கப்பால், மானம் பேசும் தகுதி தமக்கு உண்டென எவரும் கருதாத மனிதரிடம் அறத்தேர்வை ஒப்படைக்கிறது. எனவே பிரபுக்களின் நட்பை அன்று, சுளுக்கிய காலோடு கிடப்பவனிடம் திரும்பிவரும் தோழனையே இப்படத்தின் அளவுகோலாகக் கொள்ளவேண்டும். அவ்வளவுகோலைக் கொண்டே செனகல் அதிகாரியின் ஓவியம் பார்க்கப்படாது போனதைப் படத்தின் குறையாகவும், சேலம் சிறையின் 22 உயிர்கள் பறிபோனதைக் குடியரசின் குறையாகவும் உணர முடிகிறது. பனிமூடிய நிலத்தில் கண்ணுக்குப் புலனாகாத எல்லையை நண்பர்கள் கடந்ததும் ஜெர்மானியக் காவலர் துப்பாக்கியைத் தாழ்த்துகின்றனர். நாட்டெல்லை மனிதர் வகுத்தது; கைதிகளைத் தரம்பிரிக்கும் எல்லையும் அவ்வாறே வகுக்கப்பட்டது. தமிழ்ச் சிறை இலக்கியங்களை இந்நோக்கில் மறுவாசிப்புச் செய்வது மேலாய்வுக்குரிய களமாகும்.