‘ஆடும் இணைப்புகள்’ — ஒரு மதிப்பீடு

கணிப்பொறித் துறைக் கட்டுரைகளுள் இலக்கியம்போல் திரும்பத் திரும்பப் படிக்கப்படுவன மிகச் சிலவே. அமெரிக்க அறிஞர் டொனால்ட் கனூத் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆடும் இணைப்புகள்’ அவற்றுள் ஒன்று. அதனைப் புகழ்வோர் பலர். ஆயின், எதற்காகப் புகழவேண்டும் என்பதில் சிலர் தடுமாறுகின்றனர்.

பூச்சியமும் ஒன்றும் மட்டுமே கொண்ட அணியிலிருந்து, ஒவ்வொரு நெடுவரிசையிலும் சரியாக ஓர் ஒன்று அமையுமாறு சில கிடைவரிசைகளைத் தேர்ந்தெடுத்தலே கட்டுரையின் பொருள். இத்தகைய அணிகளில் ஒன்றுகள் அரியவை; ஆதலின் கனூத் பூச்சியங்களை எழுதுவதே இல்லை. ஒவ்வோர் ஒன்றும் இடம், வலம், மேல், கீழ் என நான்கு அயலாரையும் தன் நெடுவரிசைத் தலைப்பையும் குறித்துக்கொள்ளும்.

இதனால் நினைவகம் மிச்சமாகும் என்பர். சுடோக்குப் புதிரைக் கொண்டு இக்கூற்றைச் சோதிக்கலாம். எந்தக் கட்டத்தில் எந்த எண் என்பது ஒரு கிடைவரிசை, அவை 729. நிறைவேற வேண்டிய நிபந்தனை ஒரு நெடுவரிசை, அவை 324. கிடைவரிசைக்கு 4 ஆக, ஒன்றுகள் 2,916. ஐந்து குறிப்புகளுக்கும் தலைக்கு 4 பைட் எனின் 58,320 பைட் செல்லும். பூச்சியத்தையும் விடாமல் இடத்துக்கு ஒரு பிட்டாக எழுதினாலோ 29,525 பைட்டே போதும். சிக்கனம் என்னும் புகழ்மொழி ஈண்டுப் பொருந்தவில்லை.

உண்மைச் சிறப்பு நீக்கும் முறையில் உள்ளது. ஓர் உறுப்பை நீக்குங்கால் அயலார் அதனை மறக்கின்றனர். அதுவோ அயலாரை மறப்பதில்லை. தேர்வு தவறெனத் தெரிந்ததும், நீக்கிய முறைக்கு நேர்மாறான முறையில் ஒவ்வொன்றையும் பழைய இடத்திலேயே அமர்த்தலாம். அணியைப் படியெடுத்து வைக்க வேண்டுவதில்லை. ஜப்பானிய அறிஞர் ஹிட்டோட்சுமாட்சு, நோஷிட்டா இருவரும் 1979இலேயே இவ்வுத்தியைக் கூறினர் எனக் கனூத் மறையாது உரைப்பது பாராட்டத்தக்கது.

குறையும் உண்டு. கட்டுரை, வேலையின் அளவை இணைப்பு மாற்றங்களின் எண்ணிக்கையால் காட்டுகிறது. இக்காலக் கணிப்பொறியோ அடுத்தடுத்துள்ளவற்றை விரைந்து எடுக்கும். சிதறிக் கிடப்பவற்றைத் தேடுகையில் தாமதிக்கும். எண்ணிக்கை ஒன்றாயினும் நேரம் வேறாகலாம். 2022இல் வெளிவந்த தம் பெருநூலின் 4பி தொகுதியில், கிடைவரிசையின் உறுப்புகளை அடுத்தடுத்து நிறுத்தி, அவற்றின் இடவல இணைப்புகளைக் கனூத் விலக்கிவிட்டார். தம் எழுத்தைத் தாமே திருத்துவது புலமைக்கு அழகு.

இதனைக் கற்பிப்போர், ‘பூச்சியத்தை விடுக’ என்பதோடு நில்லாமல், ‘மீளும் வழியை அழிக்கற்க’ என்பதையும் மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும்.