வேர் கேட்கிறார்கள்

தீர்ப்பும் ஒரு பிரதிதான். கதை, கவிதை என்றால் கட்டுடைக்கிறோம். தீர்ப்பை மட்டும் வக்கீல்களிடம் விட்டுவிடுகிறோம். நம்ம சனங்க உள்ளே கிடப்பதும் வெளியே வருவதும் அந்த எழுத்தில்தான் தீர்மானமாகிறது. அதனால் ஒன்றை வாசித்துப் பார்ப்போம்.

1979இல் வந்த ஹுசைனாரா கத்தூன் தீர்ப்பு. பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் வருடக்கணக்காகக் கிடந்தவர்களைப் பற்றியது. பணமில்லை என்பதற்காக ஏழையை அடைத்து வைப்பது அநியாயம் என்று நீதிபதி பகவதி எழுதினார். சமூகத்தில் வேர் உள்ளவர் ஓடிப்போக மாட்டார். அவரைச் சொந்தப் பிணையிலேயே விடலாம் என்றார். வேரை எப்படி அளப்பது? எவ்வளவு காலமாகக் குடியிருக்கிறார், என்ன வேலை, குடும்பம் உண்டா, பெயர் எப்படி, பழைய வழக்கு உண்டா, அவருக்காகச் சொல்லக்கூடிய பொறுப்பான மனிதர் யார் என்று பட்டியல் நீள்கிறது.

1961இல் நியூயார்க்கில் தொடங்கிய மன்ஹாட்டன் ஜாமீன் திட்டத்தை இந்தத் தீர்ப்பே எடுத்துக்காட்டுகிறது. அங்கே சட்ட மாணவர்கள் கைதானவரிடம் போய் இப்படித்தான் கேட்டார்கள். சொன்னதைச் சரிபார்த்து மதிப்பெண் போட்டார்கள். பிறகு அது உத்தியோகமாயிற்று. 1982 சட்டத்தால் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்குப் பரவியது. விசாரணைக்கு முந்தைய சேவை அதிகாரி, அவருக்கு ஓர் உதவியாளர். முகவரி நிசமா, வேலை நிசமா என்று போன் போட்டு விசாரிப்பதும், பழைய வழக்கைத் தேடிக் கோப்பில் சேர்ப்பதும் உதவியாளர் வேலை. ஒரு மனுசனின் விடுதலை அந்தக் காகிதத்திலிருந்துதான் தொடங்குகிறது.

சாதுவான கேள்விகள்தானே என்று தோன்றும். ஆனால் கறுப்பர்கள் வாழும் தெருவில் போலீஸ் கூடுதலாக நின்றால், அங்கே பழைய வழக்கும் கூடுதலாகத்தான் இருக்கும். காகிதம் அதை அவருடைய குணம் என்று வாசிக்கும்.

இதே கேள்விகளைச் சேரிக்குக் கொண்டு வாங்க. எத்தனை வருசமாய்க் குடியிருக்கிறாய்? நாலு தலைமுறையா. பட்டா? இல்லை, புறம்போக்கு. வேலை? கூலி. எந்த முதலாளி எழுதித் தருவான்? புகார் கொடுத்தவனே அவன்தானே! பொறுப்பான மனிதர் யார்? அந்தச் சொல்லுக்குள்தான் ஊர் உட்கார்ந்திருக்கிறது. தீர்ப்பு ‘சமூகம்’ என்று ஒருமையில் எழுதுகிறது. நமக்கோ ஊர் வேறு, சேரி வேறு.

நான் நின்று பார்த்தது இது. எங்க தெருப் பையனுக்கு ஜாமீன் கிடைத்தது. இரண்டு பேர் ஜாமீன்தாரர் வேண்டும், வீட்டு வரி ரசீதோடு. ரசீது இருந்தவர்கள் எல்லாம் எதிராளியின் பங்காளிகள். உத்தரவு கையில் இருந்தும் பத்தொன்பது நாள் உள்ளே கிடந்தான். “கோர்ட்டு விட்டுருச்சுன்னு சொன்னியே, எங்கடா எம்புள்ள?” என்று அவன் அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

1978இல் மோத்தி ராம் என்ற கொத்தனாருக்குப் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். அண்ணன் தம்பி முறையுள்ளவர் வந்தும், வேறு மாவட்டக்காரர் என்று மறுத்தார்கள். கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்துத் தீர்ப்பெழுதினார். 2023 ஜனவரியிலும் உள்ளூர் ஜாமீன்தாரரை வற்புறுத்த வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. நாற்பத்தைந்து வருசம்! 2022 கணக்கில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள்.

அதே 2023 உத்தரவில் ஒரு வாசல் இருக்கிறது. ஜாமீன் கிடைத்தும் ஏழு நாளில் வெளியே வராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணி ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும். நன்னடத்தை அதிகாரியோ சட்டத் தன்னார்வலரோ கைதியின் சமூகப் பொருளாதார நிலையை எழுதித் தரலாம். கோர்ட்டு நிபந்தனையைத் தளர்த்தலாம்.

அமெரிக்க உதவியாளரின் நாற்காலி இங்கே இப்படித்தான் வந்து கிடக்கிறது. அதில் யார் உட்காரப் போகிறார்கள்? பட்டா இல்லாததை வேரில்லாமை என்று எழுதுகிறவரா, வேர் விடாமல் வெட்டியது யார் என்று எழுதத் தெரிந்தவரா? படித்த நம்ம பிள்ளைகள் கவிதை எழுதட்டும். அந்த அறிக்கையையும் அவர்களே எழுதட்டும்.